ஆறாம் வீட்டு அடுப்பு

துஷன்பே
2007 அக்டோபர் 14

அன்புள்ள சவ்சன் அக்காவுக்கு,

யா அலி மதத். நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறையாவது அப்பாவின் மூச்சைப் பற்றி முதலில் எழுது. போன கடிதத்தில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு ஆடு தொலைந்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் அப்பாவுக்கு இடம் கொடுத்திருந்தாய்.

புல்புல்ஷோவின் ஜீப்பில் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே எட்டுத் தகடுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். அடுப்பின் பக்கவாட்டில் வைத்துத் திருகிவிட்டு, வெளிப்பக்கத்துத் தகரப் பெட்டியில் பனியை அள்ளிப் போட வேண்டும். ஒரு முகம் சூடாகவும் மறு முகம் குளிராகவும் இருந்தால் நடுவில் மின்சாரம் பிறக்கும். சுழலும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. இப்போதைக்குத் தகட்டுக்குப் பன்னிரண்டு வாட். ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும் ஓடும். கூடவே ஒரு கார்டு இருக்கிறது. அடுப்பு எவ்வளவு சூடு, மின்சாரம் எதற்குப் போனது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே குறித்துக்கொள்ளும். அதற்குத் தனியாகச் சின்ன பேட்டரி உண்டு, அடுப்பு அணைந்தாலும் எழுதும்.

நீ வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நோயாளிகளில் மூச்சுத்திணறல் உள்ள எட்டுப் பேர் வீட்டில் இவற்றை மாட்டு. எங்கள் ஆய்வுக்கூடமும் உங்கள் மருத்துவமனையும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி என்று தாளில் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரே கணக்குதான். அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்துக்கு முந்நூற்றைம்பது வாட் வேண்டும். ஆறு உறைந்துபோய் ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் கரண்ட் என்றால், மீதி இருபத்திரண்டு மணி நேரம் அவர் என்ன செய்வார்? வசந்தத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தொட்டுவிடுவேன். அவரிடம் சொல்.

அப்பாவின் கையை என் சார்பில் முத்தமிடு.

உன் தம்பி
கிமத்ஷோ


தர்ஷோய்
அக்டோபர் 30

அன்புத் தம்பிக்கு,

யா அலி மதத். அப்பா நலம். பார்த்தாயா, முதலில் எழுதிவிட்டேன். நலம் என்றால், படுக்கையிலிருந்து வாசல்வரை நடந்தால் நான்கு முறை நிற்க வேண்டியிருக்கிறது. போன மாதம் மூன்று முறை. நானும் நலம். முழங்கால் மட்டும் மேட்டில் ஏறும்போது முனகுகிறது.

எட்டு வீட்டிலும் தகடு மாட்டியாகிவிட்டது. நோயாளிகளைப் பெயர் சொல்லி எழுதக்கூடாது, எண் போட வேண்டும் என்று உன் தாளில் இருக்கிறது. அப்பா வீடு ஆறாவது. 'நாப்பது வருஷம் மின்நிலையத்துல வேல பாத்தேன், கடைசில எனக்கே நம்பர் போட்டுட்டானா உன் தம்பி' என்று ஒரே சிரிப்பு. சிரித்தால் இருமல் வரும், இருமினால் அரை மணி நேரம் போய்விடும். இருந்தாலும் சிரிக்கிறார்.

தகடு எப்படி வேலை செய்கிறது என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்றதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். 'உங்க அம்மாவும் நானும் அப்படித்தான் இருந்தோம். இதுக்கு எதுக்குப் படிப்பு?' என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு விளக்கு வர வேண்டுமென்று இருபது வயதில் மலையைக் குடைந்த மனிதர். அந்தச் சுரங்கத்துத் தூசிதான் இன்றைக்கு அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அவர் குடைந்த வழியில் ஓடும் தண்ணீர் குளிர்காலத்தில் அவருக்கே கரண்ட் தருவதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம் சொல்லிவிட்டேன்.

தினமும் ஒவ்வொருவரிடமும் மூச்சுத்திணறலுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் கேட்டு எழுதுகிறேன். பத்து என்றால் தாங்க முடியாதது. அப்பா பேரம் பேசுகிறார். 'ஏழு. நீ டீ கொண்டாந்தா ஆறு.'

சாப்பிடு. குளிரில் தொப்பி இல்லாமல் அலையாதே.

அன்புடன்
அக்கா


துஷன்பே
நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

யா அலி மதத். உன் கடிதமும் முதல் கார்டுகளும் வந்தன. நான் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் வேண்டுகிறேன். புல்புல்ஷோ என் அறையில் மூன்று கிண்ணம் டீ குடித்துவிட்டு, உன் கை ரொட்டியில் பாதியை அவரே தின்றுவிட்டுப் போனார்.

மூன்றாம் வீட்டில் யாரோ தகரப் பெட்டியில் பனி போட மறக்கிறார்கள். ஐந்தாம் வீட்டில் காலையில் மட்டும் அடுப்பு எரிகிறது. சாணி வரட்டி தீர்ந்துவிட்டதா என்று கேள். ஆறாம் வீட்டு அடுப்புதான் எட்டிலும் சிறந்தது. காலை ஐந்தரைக்குத் துல்லியமாகப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்தாலே நீ எழுந்துவிட்டாய், உப்புப் போட்ட பால்தேநீர் கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பசி எடுக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

டிசம்பரில் வர முடியாது. இங்கே வேறு எட்டுத் தகடுகளை ஒன்றாகக் கட்டிச் சோதிக்கிறோம். ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் ஐஸ் தண்ணீர், இரண்டும் ஒரு சாண் இடைவெளியில். நான் இல்லாவிட்டால் பேராசிரியர் நசிரோவ் வேறு யாரையாவது போட்டு எல்லாவற்றையும் விரிசல் விடவைப்பார். அப்பாவுக்குப் புரியும். மின்நிலையத்தில் மாற்று ஆள் வராவிட்டால் அவர் இரண்டு நாள் வீட்டுக்கு வரமாட்டார் இல்லையா?

அப்பாவின் கைக்கு முத்தம்.

தம்பி


தர்ஷோய்
டிசம்பர் 2

அன்புத் தம்பிக்கு,

யா அலி மதத். நாங்கள் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஒரு விஷயம் நடந்தது. இதை ஆராய்ச்சி என்று எழுதுவதா, அப்பாவின் குறும்பு என்று எழுதுவதா தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள். அதன் உள்ளே இருந்த கையகல விசிறியை அப்பா யாரையோ விட்டுக் கழற்றி எடுத்துவரச் சொல்லி, உன் தகட்டில் இணைத்து, முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். வெளியே மைனஸ் பதினெட்டு. நான் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'ஆத்தங்கரையில நிக்கற மாதிரி இருக்கும்மா. கொஞ்ச நேரம் நிக்க விடு' என்றார்.

எண் கேட்டேன். நான்கு என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன் ஏழு சொன்னவர்.

மறுநாள் இரண்டாம் வீட்டிலும் நான்காம் வீட்டிலும் அதே மாதிரி செய்து பார்த்தேன். எட்டு ஐந்தானது. ஆறு மூன்றானது. அப்புறம் ஞாபகம் வந்தது. கோரோக் நகரத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்: கன்னத்திலும் மூக்கிலும் காற்று பட்டால் மூச்சு போதவில்லை என்கிற தவிப்பை மூளை குறைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாவிட்டாலும் தவிப்பு குறையும். அன்றைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டேன், நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். மார்ஃபின் சொட்டு மருந்தும் கையளவு காற்றும் சேர்ந்தால் அப்பா இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார்.

கிமத், அந்த விசிறிக்கு மூன்று வாட் போதும். முந்நூற்றைம்பது இல்லை, மூன்று. உன்னிடம் ஏற்கெனவே பன்னிரண்டு இருக்கிறது.

சாலை மூடுவதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். இதை நான் கேட்கிறேன், அவர் கேட்கவில்லை.

அக்கா


துஷன்பே
டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

யா அலி மதத். நலம், நலமறிய ஆவல்.

விசிறி விஷயத்தை நசிரோவிடம் சொன்னேன். சிரித்தார். 'பத்து வருஷம் பிசிக்ஸ் படிச்சிட்டு நோயாளிக்கு விசிறி விடப் போறியா?' என்றார். எனக்கு முகம் எரிந்தது. அக்கா, அப்பாவுக்குச் சுகமாக இருந்தால் வைத்துக்கொள்ளட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது சிகிச்சை இல்லை. தாகத்தில் இருப்பவனுக்கு உதட்டை நனைத்துவிடுகிற மாதிரி. அவருக்கு வேண்டியது ஆக்சிஜன். நுரையீரலில் பாதி போய்விட்டது, மீதிக்குத் தீனி போட வேண்டும். இது எளிய கணக்கு.

மேஜையில் தொண்ணூறு வாட் வந்துவிட்டது. எட்டுத் தகடு, தொண்ணூறு. முப்பது தகடு கட்டினால் முடிந்தது. குளிர்விக்க நாளைக்குப் பத்து வாளி பனி வேண்டும், அதைத் தவிர வேறு தடை இல்லை. நம் ஊரில் பனிக்கா பஞ்சம்?

மார்ச்சில் நவ்ருஸ் பண்டிகைக்குக் கட்டாயம் வருவேன். கையில் இயந்திரத்தோடு வருவேன். நானே அடுப்பில் பொருத்துவேன், அப்பா சுவிட்சைப் போடட்டும்.

தம்பி


தர்ஷோய்
2008 ஜனவரி 4

அன்புத் தம்பிக்கு,

யா அலி மதத். புத்தாண்டு வாழ்த்து.

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். என் தொழிலே இதுதான்: மற்றவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, இனிமேல் என்ன நடக்கும் என்று தன்மையாகச் சொல்வது. சொந்தத் தம்பிக்குச் சொல்ல வரவில்லை. அதனால் தன்மையை விட்டுவிட்டுச் சொல்கிறேன். நவ்ருஸ்வரை அப்பா இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இந்த மாதம் தாண்டுவதே பெரிது. கோரோக்கிலிருந்து வந்த டாக்டரும் அதைத்தான் சொன்னார். கால் வீங்கியிருக்கிறது. சாப்பாடு முசுக்கட்டைப் பழப் பொடி கலந்த பால், அதுவும் நான்கு கரண்டி.

நேற்று மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டு வீட்டிலும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்.

'அப்பா, இப்ப உங்களுக்கு என்ன வேணும்?'

விசிறியிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

'கிமத் வந்தா நல்லாருக்கும். சும்மா வந்து உக்காரட்டும். எதையும் ரிப்பேர் பண்ண வேணாம்.'

சரி, எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். 'எழுதாத. வேலைய விட்டுட்டு வருவான். அப்புறம் ஆயுசுக்கும் அந்த மெஷின் முடியலன்னு வருத்தப்படுவான்.'

எழுதிவிட்டேன். அவருக்குத் தெரிந்தால் திட்டட்டும்.

விசிறி எட்டு வீட்டுக்கும் வந்துவிட்டது. கரண்ட் இப்போது ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரமும் ஆக்சிஜன் இயந்திரத்தை ஓட்டுகிறோம், அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் போகிறது. கரண்ட் போனதும் 'அப்பாடா' என்கிறார். இதையும் உன் ஆராய்ச்சியில் எழுதிக்கொள்.

வா.

அக்கா


துஷன்பே
ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

யா அலி மதத். கடிதம் கிடைத்தது.

நூற்று நாற்பது வாட் எட்டியாகிவிட்டது. இந்த வாரம் சாலை பனியில் மூடியிருக்கிறது என்கிறார்கள், விமானமும் இல்லை. இரண்டே வாரம் கொடு. அதற்குள் இருநூறு தாண்டிவிடும், பாதி வேகத்தில் இயந்திரத்தை ஓட்டலாம். அப்பாவைத் தாக்குப்பிடிக்கச் சொல். நீ நல்ல நர்ஸ், உன்னால் முடியும்.

கைக்கு முத்தம்.

கிமத்ஷோ


தர்ஷோய்
பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

யா அலி மதத். நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

இங்கே பனி முழங்காலைத் தாண்டிவிட்டது. வீட்டுக்கு நிறையப் பேர் வந்து போகிறார்கள். எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். போன வாரம் ரொட்டி சுடும் வேலையே எனக்கு இல்லை, அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேல்வீட்டு நெக்கதம் தன் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டுப் போனவள் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டாம் வீட்டு அம்மா இப்போது தானே எழுந்து உட்காருகிறாள். கார்டுகளை அனுப்பியிருக்கிறேன். எட்டும் இருக்கின்றன.

நீ ஒன்று செய். அங்கே துஷன்பேயில் தவ்லத்ஷோ சித்தப்பா ஐஸில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டு வீட்டில் கிடக்கிறார், உன்னைத் தேடி வர அவரால் முடியாது. இந்த வெள்ளிக்கிழமை நீ அவர் வீட்டுக்குப் போ. மதியமே போ. வேலையைக் காரணம் சொல்லாதே. ஒருவேளை அவரோடு உட்கார்ந்து சாப்பிடு. தனியாக அறையில் இருக்காதே.

அக்காவின் பேச்சை இந்த ஒருமுறை கேள்.

சவ்சன்


துஷன்பே
பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

யா அலி மதத். நான் நலம்.

உன் கடிதத்தில் தலையும் இல்லை, வாலும் இல்லை. நெக்கதத்தின் கம்பளியெல்லாம் வந்துவிட்டது, அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபமா அவருக்கு? இருக்கட்டும், வந்து சமாதானம் செய்துகொள்கிறேன். புல்புல்ஷோவுக்கும் என்ன வந்ததோ. எப்போதும் டீ குடித்துக் கதை பேசாமல் போகமாட்டார், இந்த முறை வண்டியின் இன்ஜினை நிறுத்தாமலே வாசலில் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சித்தப்பா வீட்டுக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டும் விட்டார், இரண்டு முறை. அடுத்த வாரம் பார்க்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். ஆறாம் வீட்டுப் பதிவு கெட்டுப்போயிருக்கிறது. ஜனவரி 27 மாலை நான்கு இருபதுக்கு விசிறி நின்றிருக்கிறது. அதற்குப் பின் அடுப்பின் சூடு இறங்கி, அடுத்த மூன்று நாளும் கோடு தரையோடு கிடக்கிறது. மற்ற ஏழு வீட்டிலும் ஒழுங்காக எரிந்த அடுப்பு நம் வீட்டில் மட்டும் எப்படி எரியாமல் போகும்? தகடு விரிசல் விட்டிருக்க வேண்டும், அல்லது நீ தண்ணீர் கொட்டியிருக்கிறாய். இதுதான் நம்மிடம் இருந்த சிறந்த பதிவு. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. மார்ச்சில் அறிக்கை கொடுக்க வேண்டும், இந்த ஓட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இணைப்புத் திருகுகளைச் சரிபார்த்து உடனே எழுது.

தம்பி


துஷன்பே
பிப்ரவரி 16

அக்கா,

நேற்று எழுதிய கடிதம் இதற்கு முன்னால் வந்திருந்தால் கிழித்துப் போடு. வாசித்திருந்தால் என்னை மன்னி.

இன்று காலை அறிக்கைக்காக அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். மூன்று நாள் வெறும் கோடு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நேற்று பார்க்கவில்லை. 30ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றுகிறது. சாதாரணச் சூடு இல்லை. ஒரு முழு ஆட்டை வேகவைக்கிற சூடு. விடியும்வரை அணையவில்லை. விரிசல் விட்ட தகடு அப்படி எழுதாது.

நம் மக்கள் வீட்டில் மைனஸ் இருபது குளிரில் மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் இருப்பது எப்போது? மூன்றாம் நாள் மாலை அடுப்பை மூட்டி, ஆடு அறுத்து, விடிய விடியத் திரிவிளக்கு எரியவைப்பது எதற்கு? அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது. அந்த மூன்று நாளும் நெக்கதம் வீட்டுச் சூப்பைத்தான் குடித்தேன். எப்படி மறந்தேன் அக்கா? எனக்குத் திருகுகள்தான் ஞாபகம் வந்தன.

உன் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். 'நாங்கள் இருக்கிறோம்' என்று எழுதியவள் இப்போது 'நான் நலம்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எல்லாம் எழுதியிருக்கிறாய். நான்தான் வாசிக்கவில்லை.

சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலோடு வாசலுக்கு வந்தார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன், சொல்லவில்லை. அவர் பத்து நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறார், இறக்கிவைக்க விட வேண்டும் அல்லவா? முதலில் சாப்பிட வைத்தார். பிறகு என் முழங்காலில் கை வைத்தார்.

'மலை பெருசு, தம்பி. மலையுந்தான் ஒரு நாள் சரியுது. எங்க அண்ணன் போயிட்டாரு.'

தெரிந்த செய்திதான். ஆனாலும் அவர் வாயால் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நான்கு இருபதுக்கு விசிறியை யார் நிறுத்தியது? அவரா, நீயா? இதை மட்டும் சொல்.

கிமத்


தர்ஷோய்
மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

யா அலி மதத். நான் நலமாக இருக்க முயல்கிறேன். நீயும் முயற்சி செய்.

சாவைத் தாளில் எழுதி அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்கிறவன் பக்கத்தில் ஒரு கை இருக்க வேண்டும். அதனால்தான் புல்புல்ஷோவிடம் சித்தப்பாவுக்கு மட்டும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேன். உன் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று பயந்துதான் அவர் டீகூடக் குடிக்கவில்லை. நீ கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டையும் சேர்த்து மூட்டை கட்டிவிட்டேன். என் தவறுதான்.

நீ கேட்டதற்குப் பதில். நான்தான் நிறுத்தினேன்.

அன்று மதியத்துக்குப் பின் மூச்சு இடைவெளி விட்டு வந்தது. மார்ஃபின் சொட்டு கொடுத்தேன். தவிப்பு இல்லை, கிமத், அதை நம்பு. எண் கேட்டபோது இரண்டு விரல் காட்டினார். நான் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஊர்க்கதை பேசிக்கொண்டே இருந்தேன். விசிறிக் காற்றில் அவர் நெற்றி முடி ஆடிக்கொண்டே இருந்தது. அதனால் எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷ நர்ஸ் நான், எத்தனை பேருக்குக் கண் மூடிவிட்டிருக்கிறேன். முடி ஆடுகிறதே, இருக்கிறார் என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு விசிறியை நிறுத்தினேன். முடி நின்றது. அதுதான் நான்கு இருபது.

உன் ஜனவரிக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நூற்று நாற்பது வாட் என்றதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். 'பாதிகூட வரலையே. ராத்திரி பகலா உக்காந்திருப்பான். சாப்பிடறானா அவன்?' என்றார். உன்மேல் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை.

எனக்கு இருந்தது. சாலை மூடியிருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் அந்தச் சாலை வழியாகத்தான் வந்தது. அந்தக் கோபம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. போய்விட்டது என்று எழுதினால் அது பொய். ஆனால் நீ வந்தால் உனக்குப் படுக்கை போட்டுத்தான் வைத்திருப்பேன். இதையும் பொய் என்று நினைக்காதே.

அக்கா


துஷன்பே
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

யா அலி மதத். உன் கடிதத்தைத் தினமும் வாசிக்கிறேன். சாப்பிடுகிறேன். அவருக்காகச் சாப்பிடுகிறேன் என்று வைத்துக்கொள்.

சாலை மூடவில்லை. விமானம் ஒரு நாள் போகவும் செய்தது. நான் பயந்தேன். இயந்திரம் இல்லாமல் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தால், அவர் மூச்சு வாங்குவதை வெறும் கையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் அது முடியாது என்று நினைத்தேன். நீ தினமும் எட்டு வீட்டில் அதைத்தான் செய்கிறாய். உன்னிடம் கோபம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். அவசரமில்லை.

அறிக்கையை முடித்துவிட்டேன். முந்நூற்றைம்பது வாட் பற்றி அதில் ஒரு பக்கம்தான். மீதி முழுக்க மூன்று வாட் விசிறி. எட்டு வீட்டிலும் நீ எழுதிய எண்கள், விசிறிக்கு முன்னும் பின்னும். உன் பெயரை முதலில் போட்டேன். நசிரோவ் இந்த முறை சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, ஆறாம் வீட்டுக்கு வந்து நின்றார். 'இந்த மூணு நாளை மெஷின் ஃபால்ட்னு போட்டு எடுத்துடு. கணக்கு சுத்தமா இருக்கும்' என்றார். முடியாது என்றேன். கருவி பழுதாகவில்லை, அது கடைசிவரை சரியாகத்தான் எழுதியது. 'மூன்று நாள் அடுப்பு மூட்டப்படவில்லை, வீட்டுக்காரர் இறந்தார்' என்று காரணத்தை நானே எழுதினேன். அவருக்கு யாருடைய வீடு என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து நின்றார்.

அறிக்கையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் இணைக்க வேண்டும். அதன் அடியில் ஒரு கேள்வி: 'சோதனைக் காலத்தில் ஆய்வாளர் நேரில் சென்றாரா?' ஏழு வீட்டுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனேன், கை நிற்கவில்லை. ஆறாம் வீட்டுப் படிவத்தில் அதே வார்த்தையை எழுத ஒரு மதியம் முழுக்க ஆனது. எழுதிவிட்டேன், அக்கா.

நாளை இந்தக் கடிதத்தோடு புல்புல்ஷோவின் ஜீப்பில் கிளம்புகிறேன்.

உன் தம்பி
கிமத்ஷோ